வறுக்காத பயறு

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் சாலையில், பாலுசெட்டிச் சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. சீதைக்காக ராவணனோடு போராடி விழுந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலவரலாறு. நூற்றெட்டு திவ்யதேசங்களில் ஒன்று; விஜயராகவப் பெருமாள் கோயில். ராமாநுஜர் இளவயதில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்த ஊர் என்று வைணவ மரபு இதைக் கொண்டாடுகிறது. சுற்றுவட்டாரப் பெண்களுக்கோ இந்தக் கோயில் வேறொரு காரணத்துக்காகப் பழக்கம். குழந்தை வரம் கேட்டு வருகிறவர்கள் வறுத்த பயறை ஈரத்துணியில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடிந்ததும் முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பார்கள். முளை விட்டிருந்தால் வேண்டுதல் பலித்தது. மரகதவல்லித் தாயார் கண் திறந்துவிட்டாள்.

வறுத்த பயறு முளைக்காது. அடுப்படி தெரிந்த எவருக்கும் இது தெரியும். அதனால்தான் அது தாயாரின் அருள்.

இந்தப் பக்கத்துக் கல்யாணங்களைப் படம்பிடித்துத் தந்த வீடியோ கேமராக்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செய்ததும் வறுக்கிற வேலைதான். பிடித்த காட்சியை அங்கேயே வறுத்து, சுருக்கி, இனி எதுவும் மாற்ற முடியாத பக்குவத்தில் நாடாவிலோ கார்டிலோ போட்டுவிடும். 2013ஆம் ஆண்டு மே மாதம், கேமரா கம்பெனி எதையும் சேராத சிலர், வறுக்காத பயறை அப்படியே வெளியே எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். தொழிலில் அதற்கு 'ரா வீடியோ' என்று பெயர். அது எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்பதைக் காஞ்சிப் பட்டின் பக்கம் நின்று பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும்.

காஞ்சிபுரத்துப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்குக் குங்குமச் சிவப்பு. இரண்டையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என்று மூன்று நாடாக்கள் ஓடும். தறியில் உட்கார்ந்தவர் ஒரு பக்கம் தள்ள, துணைக்கு இருப்பவர் மறுபக்கம் வாங்கித் தள்ளுவார். உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கோத்துப் பிடித்துக்கொள்ளும் அந்த இடத்துக்குக் கோர்வை என்று பெயர். ஒரு இழை பிசகினாலும் கரை அலைபாயும். சேலை வாங்க வரும் வயதான பெண்மணிகள் முந்தானையைப் பார்ப்பதற்கு முன்பு கோர்வையைத்தான் விரலால் தடவிப் பார்ப்பார்கள். சிவப்பு முடிந்து பச்சை தொடங்கும் கோடு கத்தியால் கீறியது போல இருக்க வேண்டும். பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தில் பிரகாஷ்ராஜ் நடித்த நெசவாளி, மகள் கல்யாணத்துக்கு ஒரு பட்டுச்சேலை நெய்துவிட வேண்டும் என்று இழை இழையாய்ப் பட்டை வாயில் மறைத்து எடுத்து வருகிறான். இந்த ஊரில் அந்தச் சேலையின் மதிப்பு அப்படி.

அந்தக் கோட்டைத்தான் கல்யாண வீடியோ பல ஆண்டுகள் தொலைத்தது.

கருப்பு வெள்ளைக் காலத்தில் இந்தச் சங்கடமே இல்லை; நிறம்தான் கிடையாதே. மணமக்கள் கல்யாணம் முடிந்து ஒருநாள் ஸ்டுடியோவுக்குப் போவார்கள். வரைந்த திரைச்சீலைக்கு முன்னால், ஒரு பூச்சாடிக்குப் பக்கத்தில் விறைத்து நிற்பார்கள். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளைச் சுருள் செய்து விற்றது. வசதி உள்ளவர்கள் அச்சிட்ட படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டித் தரச் சொல்வார்கள். புடவைக்கு என்ன நிறம் என்று தீட்டுகிறவர் கேட்டுக் குறித்துக்கொள்வார். ஒருவிதத்தில் அதுவே நேர்மையான ஏற்பாடு. படம் மறந்த நிறத்தை ஒரு மனிதர் ஞாபகத்திலிருந்து திருப்பித் தந்தார். அந்தக் கால ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஊர் ஊராகத் தேடி மின்மயமாக்கியிருக்கிறது. செல்லரித்த நெகடிவ்களுக்கு நடுவிலும் பட்டின் மடிப்பு துல்லியமாகத் தெரிகிறது.

1982 ஆகஸ்டில் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. நவம்பரில் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி. வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ டெக்கும் நாட்டுக்குள் பெருகின. ஊரில் டிவியும் டெக்கும் வாடகைக்கு விடும் கடைகள் முளைத்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தோளில் தூக்கும் விஎச்எஸ் கேமராவும், அதன் பின்னாலேயே ஒயரை இழுத்துக்கொண்டு ஓடும் லைட் பையனும் கல்யாண மண்டபத்தின் அங்கமாகிவிட்டார்கள். ஹாலஜன் விளக்கு முகத்துக்கு நேரே எரியும். மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டும், ஐயர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மந்திரம் சொல்வார். 'மிக்ஸிங்' முடிந்து வரும் கேசட்டில் மணமக்கள் ஒரு ரோஜாப்பூவுக்குள்ளிருந்து சுழன்று வருவார்கள். பின்னணியில் சினிமாப் பாட்டு. கேசட் வந்த அன்று வாடகை டெக்கைக் கொண்டுவந்து வைத்துத் தெருவே உட்கார்ந்து பார்க்கும். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தான் நடப்பதையும் சிரிப்பதையும் தானே பார்க்கும் வாய்ப்பு அதுவரை நடிகர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

சேலையின் கதை வேறு. விஎச்எஸ் நாடா ஒரு வரியில் வெளிச்சத்தின் வேறுபாட்டைச் சுமார் 240 புள்ளி அளவுக்குப் பிரித்துக் காட்டும். நிறத்தைச் சுமார் 40 புள்ளிக்குத்தான் பிரிக்கும். நிறத்துக்கு ஒதுக்கிய இடம் அவ்வளவு குறுகல். அதிலும் சிவப்புக்கு ஆகவே ஆகாது. கோட்டைத் தாண்டி வழியும். கூறைப்புடவைக்கு நாம் தேடித்தேடி எடுப்பதோ சிவப்பு, அரக்கு. மணப்பெண் திரும்பினால் சிவப்பு ஒரு கணம் பின்தங்கி அவள் பின்னால் வரும். கோர்வை இருந்த இடத்தில் சிவந்த புகை மட்டும் மிஞ்சும். அடுத்து வந்த மினி டிவி (MiniDV) நாடா எவ்வளவோ மேல். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி எழுதும்; சோனி பிடி170 வைத்திருந்தவருக்கு ஊரில் தனி மரியாதை. ஆனால் அதுவும் நிறத்தைப் பாதிக்கு மேல் தள்ளிவிட்டுத்தான் பதிவு செய்தது.

2008 ஆகஸ்டில் நிக்கானின் டி90, செப்டம்பரில் கேனானின் 5டி மார்க் 2. படம் எடுக்கும் டிஎஸ்எல்ஆரில் வீடியோவும் எடுக்கலாம் என்று வந்த முதல் இரண்டு கேமராக்கள். செய்திப் புகைப்படக்காரர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று சேர்த்த வசதி உலகத்தையே திருப்பிப் போட்டது. அதுவரை பெரிய சினிமா கேமராவுக்கு மட்டுமே கைவந்த விஷயம், முகம் தெளிவாக இருக்கப் பின்னால் உள்ள விளக்குகள் எல்லாம் உருகிப் பொட்டுப் பொட்டாய்த் தெரிவது, இப்போது வாடகைக்குக் கிடைத்தது. ராம் கோபால் வர்மா 2011இல் 'தொங்கல முட்டா' என்ற தெலுங்குப் படத்தை 5டி கேமராக்களை வைத்து ஐந்தே நாளில் எடுத்து முடித்தார். தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) படத்துக்கு விஜய் மில்டன் கேனான் ஸ்டில் கேமராவைத்தான் கையில் எடுத்தார். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' பார்த்து வளர்ந்த பையன்களுக்குக் குறும்படமும் கல்யாண ஆர்டரும் ஒரே கேமராவில் நடந்தன. வார நாளில் கதை, முகூர்த்த நாளில் வருமானம். கல்யாண வீடியோ 'டிரெடிஷனல்', 'கேண்டிட்' என்று இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான். முன்னது ஸ்டாண்டில் நின்று சடங்கு முழுவதையும் விடாமல் எடுக்கும். பின்னது கூட்டத்துக்குள் புகுந்து பாட்டியின் கண்ணீரைத் தேடும்.

பட்டுக்கு அப்போதும் விடிவு வரவில்லை. மார்க் 2 கேமராவின் சென்சாரில் இரண்டு கோடிக்கும் மேலான புள்ளிகள். வீடியோவுக்கு அத்தனை வேண்டாம் என்பதால் கேமரா வரிகளைத் தாண்டித் தாண்டிப் படித்தது. இடையில் விட்ட வரிகளுக்கும் துணியின் இழைகளுக்கும் பொருந்தாமல் போனால், துணியின் மேல் இல்லாத வானவில் அலைகள் ஓடும். முகூர்த்தப் பட்டின் வைரஊசிக் கோடுகளும் சின்னக் கட்டங்களும் இதற்கென்றே அளவெடுத்துப் பிறந்தவை. மணப்பெண் மூச்சுவிட்டாலே சேலையில் அலை புரளும். இந்தக் கோளாறுக்கு 'முவாரே' என்று பெயர். பிரெஞ்சில் அந்தச் சொல் நீரலை போல மின்னும்படி பதப்படுத்திய துணிக்கு, முக்கியமாகப் பட்டுக்கு, வைத்த பெயர். பட்டிலிருந்து புறப்பட்ட சொல் கேமராவைச் சுற்றிவிட்டுப் பட்டுக்கே வந்து சேர்ந்தது.

2012 மார்ச்சில் வந்த மார்க் 3 அந்த அலையை அடக்கியது. மிச்சம் இருந்தது வறுவல். கேமரா தன் படத்தை எச்.264 என்ற முறையில் சுருக்கித்தான் கார்டில் எழுதும். அந்தச் சுருக்கலில் நான்கு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறம். வெளிச்சம் 1920க்கு 1080 என்று முழுதாக இருக்கும். நிறம் மட்டும் 960க்கு 540. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். அரக்குக்கும் மெரூனுக்கும், மாம்பழ மஞ்சளுக்கும் ஜரிகைப் பொன்னுக்கும் நடுவில் நெசவாளியின் கண் காணும் நெளிவுகளெல்லாம் அந்த 256க்குள் அடைபட வேண்டும். எம்.எஸ். சுப்புலட்சுமிக்காகக் காஞ்சிபுரத்து முத்து செட்டியார் உருவாக்கிய 'எம்.எஸ். ப்ளூ' நீலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பாடகியின் பெயரையே தாங்கும் அளவுக்குத் தனித்த நிறம் அது. சுருக்கிய வீடியோவில் பக்கத்து நீலத்தோடு கரைந்துபோகும்.

இனி அந்த 2013 மே மாதம். மேஜிக் லான்டர்ன் என்ற மென்பொருளை டிராமல் ஹட்சன் என்ற அமெரிக்கர் 2009இல் மார்க் 2 கேமராவுக்காகத் தொடங்கினார். ஒலியின் அளவைக் கையால் கட்டுப்படுத்துவது போன்ற, கேனான் கொடுக்காத வசதிகள்தான் முதலில் நோக்கம். கேனானின் மென்பொருளை அது அழிக்காது. மெமரி கார்டில் உட்கார்ந்து அதன் கூடவே ஓடும். விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம். பல நாட்டு ஆர்வலர்கள் சேர்ந்தார்கள். கேமராவின் முதுகுத் திரையில் காட்சி ஓடும்போது, சுருக்கப்படுவதற்கு முந்தைய படம், சென்சார் கண்டது கண்டபடி, 14 பிட் ஆழத்தில் நினைவகத்தின் ஒரு மூலையில் கணநேரம் தங்கிப் போவதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். அதை ஒவ்வொரு ஃப்ரேமாக அள்ளிக் கார்டில் எழுதிவிட்டார்கள். 256 படிகள் இருந்த இடத்தில் 16,384.

கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். 1920க்கு 1080, ஒரு புள்ளிக்கு 14 பிட், விநாடிக்கு 24 ஃப்ரேம். விநாடிக்கு 87 எம்பி. நிமிடத்துக்கு ஐந்து ஜிபிக்கும் மேல். கேனானின் சாதாரணச் சுருக்கல் நிமிடத்துக்கு 235 எம்பிதான் கேட்கும். 64 ஜிபி கார்டு பன்னிரண்டு நிமிடத்தில் நிரம்பிவிடும். ஒரு மணி நேரக் காட்சிக்கு 313 ஜிபி. மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மறுநாள் சாப்பாட்டுப் பந்தி வரை எட்டு மணி நேரம் எடுத்தால் இரண்டரை டெராபைட். மார்க் 3இல் இரண்டு கார்டு போடலாம் என்றாலும் எஸ்டி கார்டின் வழி இந்த வேகத்தைத் தாங்காது. விலை கூடிய சிஎஃப் கார்டுதான் கதி. அதுவும் சற்றுத் திணறினால் இடைநினைவகம் நிரம்பி, பதிவு தானாக நின்றுவிடும். அவ்வப்போது முழு ஃப்ரேமும் இளஞ்சிவப்பாகக் கெட்டுப்போவதும் உண்டு. முதல் வடிவத்தில் ஒலியே பதிவாகாது. பிறகு வந்த எம்எல்வி வடிவம்தான் ஒலியையும் சேர்த்தது.

இதையெல்லாம் முகூர்த்த நேரத்தில் வைத்துப் பாருங்கள். ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் என்கிறார். தவில் வெடிக்கிறது, நாதஸ்வரம் உச்சிக்குப் போகிறது, நாலா பக்கமும் அட்சதை பறக்கிறது. மாப்பிள்ளையின் விரல்கள் மஞ்சள் கயிற்றில் முடிச்சுப் போடுகின்றன. நாத்தனார் குனிந்து மிச்ச முடிச்சைப் போடுகிறாள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த நிமிடத்தில் திரையில் பதிவு நின்றுவிட்டதென்றால் கேமராமேனுக்கு நெஞ்சு நின்றுவிடும். இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியுமா?

ஆகவே ராவில் எடுக்கத் துணிந்தவர்கள் எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே முடிவுக்குத்தான் வந்தார்கள். சடங்கு முழுவதும் ஸ்டாண்டில் நிற்கும் கேமராவில், வழக்கமான சுருக்கலில் ஓடட்டும். அது ஆவணம், அதில் விளையாடக் கூடாது. தனியே ஒரு மார்க் 3, பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகளாக, ராவில். தட்டில் தேங்காய் பழத்தோடு வைத்த கூறை. அதை வாங்கிக்கொண்டு போய் உடுத்தி வரும் மணப்பெண்ணின் நடை. கண்ணுக்கு மை இடும்போது அசையாத முகம். தாலியில் தொட்ட குங்குமம். நிதானமாக எடுக்க முடிந்தவை, நிறத்தாலேயே நிற்பவை. நாதஸ்வரத்தைத் தனிக்கருவியில் பதிந்துவிட்டு, கெட்டிமேளத்தின் முதல் அடியை வைத்துப் படத்தோடு ஒலியைப் பொருத்திக்கொள்ளலாம். ஒலி வரைபடத்தில் அந்த அடி கோபுரம் போல எழும்பி நிற்கும். சினிமாக்காரர்களின் கிளாப் பலகைக்கு ஈடானது தவில்.

பலன் தெரிவது எடிட்டிங் மேசையில். நம் மண்டபங்களில் விளக்கு ஒருபோதும் ஒரே இனமாக இருக்காது. மேடையில் மஞ்சள் பல்பு, பக்கத்தில் பச்சை கலந்த டியூப் லைட், வாசலிலிருந்து வரும் பகல், நடுவில் ஓமத் தீ. மஞ்சள் பூசிய முகம் டியூப் லைட்டில் நோயாளி முகமாகிவிடும். சுருக்கிய வீடியோவில் அதைத் திருத்தப் போனால் தோல் சாம்பல் தட்டும், நிழல்களில் சதுரம் சதுரமாய் உடையும். ரா அப்படி இல்லை. எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்ற தீர்ப்பையே இன்னும் எழுதாத படம் அது. எடிட்டர் உட்கார்ந்து நிதானமாக எழுதலாம். ஓமப் புகைக்குள் மறைந்த தந்தையின் முகத்தை மேலே கொண்டு வரலாம். ஜரிகை விளக்கில் வெளுத்துப் போயிருந்தால் பொன்னைத் திரும்ப வரவழைக்கலாம், ஓரளவுக்கு. ஒரு காலத்தில் பெரிய சினிமா லேபுகளில் மட்டும் இருந்த டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு 2011இலேயே வந்துவிட்டிருந்தது. கேமராவுக்கும் கணினிக்கும் நடுவில் பாலம் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்தத் திரையில் ரா ஃப்ரேம் ஒன்றை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கரையின் பக்கம் நகர்த்திப் பார்க்க வேண்டும். அரக்கு ஒரு புள்ளியில் முடிகிறது. அடுத்த ஒன்றிரண்டு புள்ளிகளுக்குள் பச்சை தொடங்கிவிடுகிறது. ஊடை ஊடையாகப் பல் பதித்தது போலக் கோர்வை தெரிகிறது. காஞ்சிபுரத்தில் சேலை வடிவத்தை முதலில் கிராப் தாளில் போடுவார்கள். ஒரு கட்டம் ஒரு இழை. அந்தத் தாளும் இந்தத் திரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடியவை. கட்டம் கட்டமாக யோசித்து நெய்தவருக்குக் கட்டம் கட்டமாகவே பதில் சொன்ன கல்யாணக் கேமரா இது என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்தக் காலம் நீளவில்லை. கார்டு விலை, ஹார்ட் டிஸ்க் விலை, ஒரே இரவில் ஹைலைட்ஸ் கேட்கும் மாப்பிள்ளை வீட்டார். இதற்கு நடுவில் மணிக்கணக்கில் கோப்பு மாற்றிக்கொண்டிருக்கப் பெரும்பாலோருக்குப் பொறுமையும் இல்லை, கட்டுப்படியும் ஆகவில்லை. 2014இல் சோனியின் ஏ7எஸ் இருட்டிலும் பார்க்கும் கண்ணோடு வந்தது. 2018இல் வந்த ஏ7 III கேமரா தமிழ்நாட்டு மண்டபங்களைக் கிட்டத்தட்டப் பிடித்துக்கொண்டது. 2020இல் கேனானே தன் ஆர்5 கேமராவில் 8கே ராவைக் கம்பெனி வசதியாகக் கொடுத்தது. ஏழு வருடம் முன்பு ஆர்வலர்கள் பின்வாசல் வழியாக எடுத்ததற்கு முன்வாசல் திறந்தது.

வருத்தம் தருவது இன்னொன்று. அன்று எடுத்த ராவில் பெரும்பகுதி இன்று இருக்க வாய்ப்பில்லை. டிஸ்க் நிரம்பியதும் அடுத்த கல்யாணத்துக்காக அழிப்பதுதான் தொழிலின் வழக்கம். வாடிக்கையாளர் கைக்குப் போனது டிவிடியும் பென்டிரைவும். அதற்காக மறுபடி சுருக்கிய படம், வறுத்த பயறு. சேலையைப் பாதுகாக்கத் தெரிந்த வீடுகள் இவை. ஜரிகை மடிப்பில் ஒடிந்துவிடக் கூடாது என்று சில மாதத்துக்கு ஒருமுறை பீரோவிலிருந்து எடுத்து, மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பார்கள். மூலக் கோப்பையும் ஒரு டிஸ்கில் போட்டுத் தாருங்கள் என்று கேட்கும் பழக்கம் மட்டும் அந்த வீடுகளுக்கு வரவில்லை. கேட்கலாம் என்று யாரும் சொல்லித் தரவுமில்லை.

எங்காவது ஒரு ஸ்டுடியோவின் அலமாரியில் 2013 என்று மார்க்கர் பேனாவால் எழுதிய டிஸ்க் ஒன்று தப்பிப் பிழைத்திருந்தால், அது ஓடினால், உள்ளே இருக்கும் எம்எல்வி கோப்பை இன்றும் திறக்கலாம். அதற்கென்றே ஆர்வலர்கள் பின்னாளில் எம்எல்வி ஆப் என்ற மென்பொருளை எழுதி இலவசமாக வைத்திருக்கிறார்கள். எடுத்த ஆண்டில் கிடைத்த கருவிகளைவிட அது நிறத்தை நன்றாகவே பிரிக்கிறது. அதில் மணப்பெண்ணாக நிற்பவளுக்கு மகள் இருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். அம்மாவின் கூறையில் கரை எங்கே தொடங்குகிறது என்று திரையில் விரல் வைத்துக் காட்டச் சொன்னால் அவளால் காட்ட முடியும்.